பதில் போடாத ஆள்

“இணையத்துல இலவசமா எடுத்த புரோகிராம். மூணு வருஷமா கவனிக்க ஆளில்லை. தூக்கிடலாம்,” என்றார் மேனேஜர்.

“நம்ம ஆப்பே அது மேலதான் நிக்குது சார். தூக்கினா எல்லாத்தையும் திரும்ப எழுதணும்,” என்றான் டெஸ்டர்.

“எழுதின ஆளுக்கு நாப்பது மெயில் போட்டாச்சு. பதிலே இல்லையே.”

“சரியான சோம்பேறி. புரோகிராமும் குப்பை,” என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், லேப்டாப்பிலிருந்து தலை நிமிராமல்.

டெஸ்டருக்குச் சுருக்கென்றது. “நமக்கு ஓசியில சோறு போட்ட புரோகிராம் மேடம். வாய்க்கு வந்தபடி பேசாதீங்க.”

அவள் லேப்டாப்பைத் திருப்பினாள். அதே புரோகிராமின் பக்கத்தில் ‘பழுது நீக்கிய புதிய பதிப்பு, வெளியாகி ஒரு நிமிடம்’ என்றிருந்தது.

“அந்தச் சோம்பேறி நான்தான் சார். ரெட்டைக் குழந்தைங்க பொறந்ததுல மெயில், புரோகிராம் ரெண்டுக்கும் பாஸ்வேர்டே மறந்துபோச்சு. இன்னிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு.”

மீட்டிங் அறைப் பலகையில் எழுதியிருந்த ‘நீக்கம்’ என்பதை மேனேஜர் சட்டைக் கையாலேயே அழித்தார்.

“குப்பைன்னு சொன்னதை மட்டும் வாபஸ் வாங்குங்க மேடம்,” என்றான் டெஸ்டர்.