சில்லு விலகிய தேதிகள்

“முதல் தடவை எப்போ விலகுச்சு?” என்று டாக்டர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா நோட்டைத் திறந்துவிட்டாள்.

முழங்கால் என்னுடையதுதான். அதன் வரலாறு முழுக்க அக்காவிடம் இருக்கிறது.

எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று அவள் குறித்துவைக்கும் பெயிண்ட் நோட்டு அது. கடைசிப் பக்கத்தில், என் வலது முழங்கால் சில்லு இடம் விலகிய தேதிகளை எழுதியிருக்கிறாள். மொத்தம் ஆறு.

ஆறில் ஒன்றுகூட வெளியே சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பஸ் படியில் இறங்கும்போது ஒரு தடவை. குளித்துவிட்டுத் துண்டை எடுக்கத் திரும்பியபோது ஒரு தடவை. தும்மியதில் ஒரு தடவை. எல்லோருக்கும் தும்மினால் மூக்கு ஒழுகும், எனக்கு முழங்கால் கழன்றுவிடும்.

சில்லு பக்கவாட்டில் போய் நிற்கும்போது உயிர் போய் உயிர் வரும். மெதுவாகக் காலை நீட்டிக் கையால் தள்ளினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு வாரம் நொண்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

“முதல் தடவை பஸ் படியில டாக்டர். போன வருஷம் செப்டம்பர் நாலு.”

விடை தெரிந்த கேள்வியே முதலில் வந்துவிட்ட பிள்ளை மாதிரி அக்கா வாசித்தாள்.

டாக்டர் தலையாட்டவில்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். மூட்டுக்குள் சின்னதாக ஒரு எலும்புத் துண்டு தனியே கிடந்தது. பஸ் படியில் இறங்கியதற்கெல்லாம் இப்படி உடையாது என்றார். அதற்கு முன்பே எப்போதாவது, காலை மடக்கி ஊன்றிப் பாரம் தாங்கிக்கொண்டிருக்கும்போது பலமாக விலகியிருக்க வேண்டும். அப்படியென்றால் உள்ளே தசைநார் அறுந்திருக்கும். ஆபரேஷன் செய்துதான் தீர வேண்டும். ஆறு மாதம் வேலை என்ற பேச்சே கூடாது.

அப்படி எதுவும் நடக்கவில்லையென்றால், முழங்காலுக்கு பெல்ட் போட்டுக்கொண்டு பயிற்சி செய்து பார்க்கலாம்.

நன்றாக யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டு, அடித்த போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அக்காவின் கட்சி. பெல்ட்டே போதும்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இப்போது பெயிண்ட் வேலைக்குப் போவது நாங்கள் இரண்டு பேரும்தான். ஏணியில் அவள் ஏறுவாள். நான் கீழே நின்று, வலது முழங்காலை மடக்கி ஏணியின் முதல் படியில் அழுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் மாடிச் சுவரை ஆரம்பிக்கிறோம்.

முன்பெல்லாம் ஏறியது அத்தான், அக்காவின் கணவர். போன வருஷம் ஏணி சரிந்து, விழுந்த இடத்திலேயே போய்விட்டார். கீழே பிடிக்க ஆளில்லாத நேரம், நான் பெயிண்ட் வாளி எடுக்கப் போயிருந்தேன் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

அக்கா என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அடுத்த மாதமே அத்தானின் பெயிண்ட் படிந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள், தானும் வேலைக்கு வருவதாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் என்னைத் தேற்றினாள்.

இப்போது என் காதருகே குனிந்தாள். “வேற ஆளை நம்பி நான் ஏற மாட்டேன்டா. கீழே நீ நின்னாத்தான் எனக்குப் பயமில்ல.”

எனக்குத்தான் பயம்.

போன வாரம் அவள் மேலே எட்டி ஜன்னல் விளிம்புக்குப் பூசிக்கொண்டிருந்தபோது சில்லு அசைந்தது. முழுதாக விலகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏன் ஆடுகிறது என்று மேலிருந்து கேட்டாள். காற்று என்றேன். மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. அவள் நம்பிவிட்டு, இன்னும் ஒரு படி ஏறினாள்.

டாக்டர் திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

பஸ் படிதான் என்று நானும் சொன்னால் போதும். பெல்ட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். காலையில் பள்ளிக்கூடச் சுவரில் ஏணியைச் சாத்தினால் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடுவாள்.

“போன வருஷம் ஜூலை பதினேழு டாக்டர்,” என்றேன்.

அக்கா என் கையில் லேசாகத் தட்டினாள். “தேதியை மாத்திச் சொல்றே. அது அத்தான் விழுந்த நாளுடா.”

டாக்டருக்கு அத்தானும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அன்றைக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதிக்கொண்டே கேட்டார்.

அக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏணியைப் பிடிச்சிட்டிருந்தேன்.”