எச்சில் பட்ட செம்பருத்தி

பத்ரிநாத் தகட்டை முகத்தருகே கொண்டுபோய் நக்கினார். அதில் தெரிந்த செம்பருத்தியின் காம்பில் தொடங்கி இதழ் நுனிவரை, மெதுவாக.

வெங்கியும் அம்ருதாவும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மல்லேஸ்வரத்தில் அம்ருதாவின் வீட்டில் தம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கமாட்டார்கள். இந்த மனிதர் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் எச்சில் பண்ணிக்கொண்டிருந்தார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுத் தாள் புரட்டினார். வடை தின்ற கையை நாற்காலி உறையில் துடைத்தார். பல் குத்திய ஊக்கை மேஜைமேல் வைத்தார், அவள் பேனாவுக்குப் பக்கத்தில்.

ஆனால் அவர் சரி என்று சொன்னால்தான் பீன்யா தொழிற்பேட்டையில் இந்த லேப் ஓடும். சின்னக் கம்பெனிகளில் பணம் போட்டு, ஊதிப் பெரிதாக்கி, பெரிய கம்பெனிகளின் தலையில் கட்டும் ஒரு நிறுவனத்துக்காகப் பார்க்க வந்திருந்தார்.

"சார், அது டெமோ பீஸ்," என்றான் வெங்கி. லேப் அவனுடையது.

"ஹௌதா, அப்படியா? அதனாலதான் பாக்கறேன்." வாயைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "மேல கண்ணாடி, கோட்டிங் ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னீங்க, இல்ல?"

"ஒண்ணுமே இல்ல சார். வெறும் வெள்ளி. மை, சாயம் எதுவும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டித் தூணா நிக்க வெச்சிருக்கோம். நடுவுல இருக்கற இடைவெளிதான் கலர் குடுக்குது. நாளைக்கு ஃபோன், டிவி எல்லா ஸ்கிரீனும் இதுதான்." வெங்கி அவளைக் காட்டினான். "எல்லாம் அம்ருதா கைவேலை."

பத்ரிநாத் அவளைப் பார்த்தார். அம்ருதா தரையைப் பார்த்தாள். கீழ்த் தளத்து லேத் பட்டறையால் தரை அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் கைவேலை அவள் பையில் ஒரு சின்ன டப்பாவில் இருந்தது. நகத்தளவு வெள்ளித் தகடு, ஓரங்களில் மங்கிய சிவப்பு. மேஜைமேல் இருக்கும் செம்பருத்தி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் வெங்கி போன வாரம் மினுக்குத் தகட்டில் அடித்து வாங்கியது. வெறும் மை.

"நிஜம் பின்னாடி வரும். எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிக்கறாங்க," என்றிருந்தான். "நீ வாயத் திறக்காம பக்கத்துல நில்லு, போதும்."

நின்றுகொண்டிருந்தாள். பொய் அவள் பெயரில் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு காபி கிடைக்குமா வெங்கி?" என்றார் பத்ரிநாத். "வாய் கசக்குது."

"இதோ சார். முக்குல ஃபில்டர் காபி நல்லா இருக்கும். நானே வாங்கிட்டு வரேன்." படியில் அவன் ஓடும் சத்தம் கேட்டது.

அம்ருதா டப்பாவை எடுத்துத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"சார், நீங்க பாத்தது வெள்ளி இல்ல. பிரின்ட் அடிச்சது. நான் பண்ணினது இவ்ளோதான்."

"தெரியும்மா."

"வெங்கி சொன்னானா?"

அவர் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, அவளுடைய தகட்டின்மேல் வைத்தார். விரலை எடுத்தபோது சிவப்பு பச்சையாகியிருந்தது. ஊதினார். ஈரம் காயக் காய, ஓரத்திலிருந்து சிவப்பு திரும்பி வந்தது.

"இடைவெளில ஈரம் போனா கலர் மாறணும். உங்களோடது மாறுது." செம்பருத்தியைக் காட்டினார். "இது நான் நக்கினப்பவும் சிவப்பாவே நின்னுது. நீங்க ரெண்டு பேரும் பாக்கலை. மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க."

அவளுக்குக் காது சுட்டது. ஈரம் பட்டால் நிறம் மாறுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். அருவருப்பில் அதையே மறந்திருந்தாள்.

"உள்ளங்கை அளவுக்குப் பண்ண எவ்ளோ நாள் ஆகும்?"

"ரெண்டு மூணு வருஷம் ஆகும் சார். அவசரப்படுத்தினா வராது."

"ம்." அவர் டப்பாவை மூடி அவளிடம் தள்ளினார். மூடியில் அவர் எச்சில் பட்டிருந்தது. அம்ருதா துடைக்காமல் எடுத்துப் பையில் போட்டாள்.

"லேப்பை மூடச் சொல்லிடுவீங்க. எனக்கு வேலை போயிடும். பரவாயில்ல சார்," என்றாள். "நீங்க கண்டுபிடிச்சதே போதும். இந்தப் பொய் இந்த ரூமைத் தாண்டாம இருந்தா சரி."

பத்ரிநாத் பாக்கெட்டிலிருந்து மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். அவரிடம் அப்படி ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. செம்பருத்தியைக் காம்பிலிருந்து இதழ் நுனிவரை துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இன்னொரு முறை துடைத்தார். பிறகு வெல்வெட் பெட்டியில் பூவை நேராக வைத்து மூடினார்.

படியில் வெங்கி காபியோடு ஏறி வரும் சத்தம் கேட்டது.

"சார், கண்டுபிடிச்சதை அவன்கிட்ட சொல்லிடுவீங்க இல்ல?"

"பயப்படாதீங்கம்மா," என்றார் பத்ரிநாத். "எங்ககிட்டேருந்து வாங்கப்போறவங்க யாரும் நக்கிப் பாக்கமாட்டாங்க."