நூற்றுக்கு நூறு தேர்ச்சி

குளத்து நீச்சல் பள்ளியில் தாழையம்மா என்கிற வாத்துதான் டீச்சர். படித்ததெல்லாம் வாத்துக் குஞ்சுகள். பன்னிரண்டு வருஷமாக ஒரு பிள்ளைகூட பெயில் ஆனதில்லை என்பதில் டீச்சருக்குப் பெருமை பிடிபடாது.

இந்த வருஷம் எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்க்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. "பள்ளிக்கூடத்தோட தரம் போச்சு" என்று பெற்றோர் வாத்துகள் கரையில் கூடிப் புலம்பின. டீச்சருக்கும் உள்ளூர உதறல்தான்.

முதல் நாள் வழக்கமான பாடத்தைச் சொன்னாள். "எறங்குங்க, தானா வந்துரும்."

குஞ்சுகள் இறங்கின, வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஆட்டுக்குட்டி மட்டும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, "எப்படி வரும் டீச்சர்?" என்று கேட்டது.

இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. டீச்சர் தண்ணீருக்குள் தலையை விட்டுத் தன் காலையே பார்த்தாள்.

"பின்னால தள்ளும்போது பாதத்தை விரிக்கிறேன். முன்னால இழுக்கும்போது மடக்கிக்கிறேன். உனக்குப் பாதம் சின்னது, அதனால நீ நாலு காலையும் வேகமா மிதி."

சாயங்காலத்துக்குள் ஆட்டுக்குட்டி அல்லிக்கொடி வரைக்கும் போய்த் திரும்பியது. அதைவிட வேடிக்கை, எப்போதும் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு போகும் டீச்சரின் சொந்த மகள், தான் இடது பாதத்தை மடக்க மறப்பதைக் கண்டுபிடித்து நேராக நீந்தினாள்.

கரையிலிருந்து ஒரு தகப்பன் வாத்து குரல் கொடுத்தது. "என்ன டீச்சர், பாடமெல்லாம் பழையபடி நடக்குதா?"

"பழையபடி எங்க நடந்துச்சு?" என்றாள் டீச்சர், சிறகை உதறிக்கொண்டே. "இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன்."