இரண்டாவது அனுமதி

எங்கள் அலுவலக சாட் சர்வரில் யாருடைய கணக்கையும் ஒரே ஆள் நீக்கிவிட முடியாது. ஒரு அட்மின் கோரிக்கை அனுப்ப வேண்டும், இன்னொரு அட்மின் அனுமதிக்க வேண்டும். இருந்ததே இரண்டு பேர்தான், நானும் கண்ணாடி அண்ணனும். ஒன்பது வருடப் பழக்கத்தில், அவர் அனுப்புவதை நானும் நான் அனுப்புவதை அவரும் படிக்காமலே அனுமதித்துவிடுவோம்.

அண்ணன் இறந்த பன்னிரண்டாம் நாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"அவர் பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்கேப்பா. பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கு. எடுத்துடு."

"இன்னொரு அட்மின் ஓகே பண்ணணும் சார்."

"யாரு அது?"

"அவருதான்."

மேனேஜர் கிளம்பத் திரும்பினார். "அனுப்பி வை, அப்புறம் பார்த்துக்கலாம்."

அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது பட்டியலில் அண்ணன் இல்லை. அனுமதித்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயர் இருந்தது. நேரம் ஒன்று பத்து. சாப்பிட்டுவிட்டு அவர் வந்து உட்காரும் நேரம்.

ஒன்று ஒன்பதுக்கு அவர் அனுப்பிய கோரிக்கை ஒன்றும் எனக்காகக் காத்திருந்தது. வழக்கம்போல் அனுமதித்துவிட்டு, அதன்பிறகுதான் யாருடைய கணக்கு என்று படித்தேன்.

என்னுடையது.