பத்து மணிக்கு வருவான்

"பத்து மணிக்குள்ள நான் அங்க இருக்கணும், மாஸ்டர். அந்த ஆளை விட்டுட்டா மறுபடி பிடிக்கவே முடியாது" என்றாள் இபோயா.

கல்யாண வீட்டு வாத்தியக்காரர்களுக்காக அவள் கொண்டுவந்திருந்த பெரிய ஒலிபெருக்கியை விமானி வெலிமிர் இருக்கைக்குக் கீழே தள்ளினான். இரண்டு பேர் உட்காரும் அவனுடைய பழைய விமானத்தில் அதற்கு மேல் ஒரு கோழிக்குஞ்சுக்குக்கூட இடமில்லை.

"எந்த ஆளு தங்கச்சி?"

"என் அண்ணனை விஷத்தால கொன்னவன். ஆறு வருஷமா ஜாலியா சுத்திட்டிருக்கான்."

வெலிமிர் சீட்டியடித்தான். அடுத்தவர் வீட்டுப் பகை என்றால் அவனுக்குக் காலைச் சாப்பாடே வேண்டாம். "சொத்துத் தகராறா?"

"அதெல்லாம் இல்லை. அவனுக்கு என் அண்ணன் யாருன்னே தெரியாது. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

"அப்ப விடாதே! எல்லார் முன்னாடியும் சட்டையைப் பிடிச்சு இழு. நான் கை தட்டுறேன். ஆமா, அவன் நிச்சயமா வருவானா?"

"பத்து மணிக்கு வருவான்."

விமானம் புல்தரையில் குதித்துக் குதித்து ஓடி மேலே எழும்பியது. ஆகஸ்ட் மாத மூட்டத்தில் சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கீழே எங்கள் சமவெளி சோளமும் சூரியகாந்தியுமாக, எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி கிடந்தது.

உள்ளே பழைய மருந்து வாடை அடித்தது. இபோயா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"முன்னாடி வயலுக்குப் பூச்சிமருந்து அடிச்ச வண்டி. எத்தனை தடவை கழுவினாலும் வாடை போக மாட்டேங்குது" என்றான் வெலிமிர்.

"வழி காட்டுற கருவி எதுவும் இல்லையா மாஸ்டர்?"

"அதெல்லாம் பட்டணத்துக்காரனுக்கு. எனக்கு இந்தக் காம்பஸும் கைக்கடிகாரமும் போதும். மேற்கே பிடிச்சா இருபது நிமிஷம். வடக்கே மட்டும் தலை வச்சுப் படுக்க மாட்டேன். எல்லையைத் தாண்டினா ஹங்கேரி."

"ஏன், அங்க என்ன?"

"அங்கேயிருந்து எனக்குப் பெரிய முத்திரை குத்தின மூணு கடுதாசி வந்துச்சு. அந்த மொழியை யாரு வாசிக்கிறது? பிரிக்காமலே அடுப்புல போட்டுட்டேன்."

"யார் எழுதினது?"

"எந்தப் பொண்ணோ!" என்று கண்ணடித்தான்.

இபோயாவும் சிரித்துவைத்தாள். பிறகு கால் மரத்துப்போகிறது என்று சொல்லி, ஒலிபெருக்கியைக் கீழேயிருந்து தூக்கி மடியில் வைத்து, முன்பலகையோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கொண்டையிலிருந்து நழுவிய ஊசி ஒன்று அதன் முதுகில் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து மறுபடி செருகிக்கொண்டாள்.

வெலிமிர் காம்பஸைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "காத்து மூக்கைத் தள்ளுது" என்றபடி விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் திருப்பிக்கொண்டே போனான்.

"நீங்க வழி தப்பினதே இல்லையா மாஸ்டர்?"

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒரே ஒரு தடவை. இதே மாதிரி மூட்டம். வயல் மாறி, எவனோட சூரியகாந்திக்கோ மருந்தடிச்சுட்டு வந்துட்டேன்!" தொடையில் தட்டிச் சிரித்தான். "இலவசமாக் கிடைச்சுதுன்னு அவன் சந்தோஷப்பட்டிருப்பான்."

இபோயா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

"அதோ, வெள்ளைத் தண்ணித் தொட்டி! பக்கத்துல மாதாகோவில் கோபுரம்! நாம இறங்கற இடம் அதுதான்" என்று திடீரென்று கை நீட்டினாள்.

தண்ணீர்த் தொட்டியும் கோபுரமும் எங்கள் பக்கத்தில் எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் வெலிமிருக்கு இரண்டாவது யோசனையே வரவில்லை. "இருபது நிமிஷம்னேன், ஊரு வந்து நிக்குது பாத்தியா!" என்று மார்தட்டிக்கொண்டே இறக்கினான். மணி பத்துக்கு இரண்டு நிமிஷம்.

விமானம் நின்றதுதான் தாமதம், ஒரு வேன் வந்து மூக்குக்கு நேரே குறுக்கே நின்றது.

"கல்யாண வீட்டுல வரவேற்பு பலமா இருக்கே" என்றான் வெலிமிர். வேனிலிருந்து இறங்கியவர்களின் தொப்பிகளைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுபோனது. ஹங்கேரி போலீஸ்.

"ஐயா, வழி தப்பி வந்துட்டேன்! தெரியாம நடந்த தப்பு!" என்று கதவைத் திறந்து கத்தினான். ஒருவர் இபோயாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"காம்பஸ் மேற்கேன்னுதானே காட்டுச்சு! நீயே சொல்லு தங்கச்சி!"

இபோயா ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பத்தடி தள்ளிப் புல்லில் வைத்தாள். உள்ளே காம்பஸ் ஒரு தடவை ஆடிவிட்டு, மெல்ல நகர்ந்து, வடக்கே போய் நின்றது.

வெலிமிர் அந்த ஒலிபெருக்கியின் முதுகில் இருந்த காந்தத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "அட பாவி, வேணும்னே செஞ்சியா? ஏன்? நான் உனக்கு என்ன பண்ணேன்?"

ஓடுதளத்தின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் சூரியகாந்தி பூத்திருந்தது. நடுவே வரிசையாகத் தேனீப் பெட்டிகள். இபோயா அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்க இலவசமா மருந்தடிச்சீங்களே மாஸ்டர், அப்ப என் அண்ணன் அங்கதான் நின்னுட்டிருந்தான்."