இசையமைப்பாளரின் மாலை நடை

"இந்த மழையிலயும் உங்கப்பா நடக்கக் கிளம்பிட்டார்டி. கால் வேற வீங்கியிருக்கு. சொன்னாக் கேட்டாத்தானே! வீட்டுல இருக்கவே கசக்குதுபோல," என்று தொலைபேசியில் அம்மா குறைபட்டுக்கொண்டாள்.

"நான் வந்து பேசிக்கறேம்மா," என்றாள் மகள்.

அப்பா புகழ்பெற்ற சிம்பொனி இசையமைப்பாளர். அவர் இசை எழுதிய காலமெல்லாம் அந்த வீட்டில் ஒரு கரண்டி விழுந்தாலே போர் மூளும். எழுதுவதை நிறுத்திவிட்ட இப்போதோ, மாலையானால் வீட்டில் தங்குவதில்லை.

குடையை மடக்கிக்கொண்டு மகள் மாடிப்படி ஏறினாள். வீட்டுக் கதவுக்குச் சற்றுக் கீழே, மழையில் சிறிதும் நனையாத உடையுடன் அப்பா படியில் அமர்ந்திருந்தார்.

"என்னப்பா இது? அம்மாவோட சண்டையா?"

"உஸ்! மெதுவாப் பேசு."

கதவுக்குப் பின்னால் அம்மா பாடிக்கொண்டிருந்தாள். அப்பா வெளியூர்க் கச்சேரிகளுக்குச் சென்ற நாள்களில் மகள் கேட்டு உறங்கிய தாலாட்டு அது.

"நான் உள்ள இருந்தா அவ வாயே திறக்கமாட்டேங்கறா. அப்படியே பழகிட்டா."

"பாடச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே! 'உங்க முன்னாடியா? ஆளை விடுங்க'ன்னு சிரிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா."

மகள் ஓசையின்றி அவர் அருகில் அமர்ந்தாள்.

"இதை எத்தனை வருஷமாப் பாடறா?"

"நான் பொறந்ததுலேருந்துப்பா."

உள்ளே பாட்டு நின்றது. எழப்போன மகளின் கையை அவர் பற்றிக்கொண்டார்.

"இரும்மா. இன்னொண்ணு பாடினாலும் பாடுவா."