இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

அந்த வரிசைப் பட்டறைகளில் எல்லோரும் கடைப்பிடிக்கும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விதி ஒன்று உண்டு. வண்டியில் முன்பு கைவைத்துக் கெடுத்த மெக்கானிக்கின் பெயரை வண்டிக்காரரிடம் சொல்லக்கூடாது.

வண்டிக்கு வயதாகிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அங்கே பட்டறை வைத்திருந்த அவனும் அப்படித்தான் சொல்லிவந்தான். ஷார்ஜாவில் எத்தனையோ கியர் பெட்டிகளைத் திறந்து, எவனெவனோ செய்துவைத்த அநியாயங்களைப் பார்த்து, மூடிவிட்டு, பழியை வயதின் மேல் போட்டிருக்கிறான்.

இன்று காசிராசன் வந்திருந்தார். மீன் ஏற்றும் பழைய பிக்கப். ஆட்டோமேட்டிக். வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பின்தட்டிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இழுக்க மாட்டேங்கு தம்பி. எஞ்சின் கெடந்து கத்துது, வண்டி நவுரல."

விளக்கோடு நின்ற அமல்தாஸ் சிரித்தான். பட்டறையில் சரிபாதிப் பங்காளி.

"வண்டியும் ஒங்கள மாதிரிதான் அண்ணாச்சி. காலைல சிங்கம். மத்தியானம் வெயில் ஏறுனா படுத்துரும்."

மூவரும் சிரித்தார்கள்.

எஞ்சினை ஓடவிட்டுப் பின்கியரில் போட்டுப் பார்த்தான். வண்டி யோசித்தது. நெடுநேரம் யோசித்து, ஒரு உதறலோடு பின்னுக்கு நகர்ந்தது.

கியர் எண்ணெயின் அளவுக்கம்பியை உருவினான்.

எண்ணெய் சிவப்பாக, நீர்க்க இருக்க வேண்டும். இது பழுப்பு. கம்பியின் நுனியில் சொட்டாமல் பாகுபோலத் தொங்கியது. முகர்ந்தான். தீய்ந்த வாடை. விரல்களுக்கிடையே தேய்த்தான். கரித்தூள் நெருடியது.

தேய்ந்துபோன கிளட்ச் தகடுகளை மாற்றாமல், கெட்டியான எதையோ ஊற்றி வண்டியை நடக்கவைத்திருக்கிறார்கள். காலையின் குளிர்ச்சியில் அந்தக் கெட்டி தகடுகளைப் பிடித்துக்கொள்ளும். சூடேறி இளகியதும் கைவிட்டுவிடும். விற்பதற்கு அந்தக் காலைப் பொழுது போதும்.

எவனோ ஒரு பாவி, என்று நினைத்துக்கொண்டான். வெளியே சொல்லவில்லை.

வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாந்து நுழைந்தான்.

கியர் பெட்டியின் அடித்தொட்டியைச் சுற்றிலும், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் தொட்டியின் விளிம்புவரை, ஒரு சிவப்புக் கோடு.

நெயில் பாலிஷ்.

அவனுடைய அடையாளம். விசிட் விசாவில் வந்த மனைவி மறந்துவிட்டுப் போன சீசா அவன் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அதன் மேல் ஒரு கோடு இழுப்பான். பிறகு யார் திருகினாலும் கோடு இரண்டாக முறிந்துவிடும். முறியாதவரை அந்த வேலைக்கு அவன் பொறுப்பு. வட்டாரம் முழுவதும் இது தெரியும்.

ஒரு கோடும் முறிந்திருக்கவில்லை.

இந்த வண்டியை அவன் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

பக்கவாட்டில் காசிராசனின் செருப்புகள் தெரிந்தன. குரல் மேலிருந்து வந்தது.

"புரோக்கர் குனிஞ்சு காட்டுனான் தம்பி. அடியில ஒன் கோடு கெடந்துச்சு. பெறவு என்னத்த யோசிக்க? இருந்த வேலையையும் விட்டுட்டு எடுத்துட்டேன்."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு இல்லை. சந்தேகம்கூட இல்லை.

அவன் கோடுகளை உற்றுப் பார்த்தான். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. அவன் இழுத்தால் வலப்பக்கம் சாயும்.

"வெளக்கக் கொஞ்சம் தள்ளிப் பிடி."

வெளிச்சம் நகர்ந்தது. சக்கரத்துக்கு அப்பால், விளக்கைப் பிடித்திருந்த கை தெரிந்தது.

இடக்கை. அமல்தாஸ் சோற்றைத் தவிர எல்லாவற்றையும் அந்தக் கையால்தான் எடுப்பான்.

போன மாதம் ஊரில் அப்பா இறந்த செய்தி வந்த அன்று, விமான நிலைய வாசலில், அவனைவிட அதிகமாக அழுதவன் அமல்தாஸ். 'நீ போயிட்டு வா மக்கா, கடய நான் பாத்துக்கிடுதேன்' என்று சொல்லிச் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டதும் அந்தக் கைதான்.

மத்தியானம்.

அந்தச் சொல்லைச் சொன்னது அமல்தாஸ். காசிராசன் சொல்லவே இல்லை. இழுக்கவில்லை என்று மட்டும்தான் சொன்னார்.

ஸ்பேனரை வைத்து ஒரு போல்ட்டைத் திருகினான். கோடு முறிந்தது. விளிம்பில் கசிந்த எண்ணெய் விழ மனமில்லாமல் தொங்கியது.

வெளியே வந்தான். சட்டையின் முதுகெல்லாம் மணல்.

அமல்தாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். பார்த்த வேகத்திலேயே காசிராசன் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பழைய வண்டில்லா அண்ணாச்சி. வயசாயிட்டு."

அவனே ஆண்டுக்கணக்காகச் சொல்லித் தேய்த்த வாக்கியம். அதன் முடிவில் அவன் ஒரு தலையசைப்பை வைத்தால் போதும். பங்கு நிலைக்கும். இரவில் ஒரே அறையில், ஒரே குழம்பில், வழக்கம்போலப் பேச்சும் சிரிப்பும் நடக்கும். நாளை இன்னொரு வண்டியின் அடியிலும் சிவப்புக் கோடு இருக்கும்.

காசிராசன் அமல்தாஸைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் மேசைக்குப் போனான். இழுப்பறையைத் திறந்து சீசாவை எடுத்தான். அடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது.

திரும்பி வந்து, அமல்தாஸிடமிருந்து விளக்கை வாங்கினான். காலியான இடக்கையில் சீசாவை வைத்தான்.

"மக்கா," என்றான் அமல்தாஸ், மெதுவாக.

"வண்டிக்கு வயசாகல அண்ணாச்சி."

பக்கத்துப் பட்டறையில் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தான்.

ஓய்ந்தது.

"கைவச்சது அமல்தாஸ்."